தலையில் அடி, நெஞ்சில் இழுப்பு: கூட இருந்து பார்க்கத் தெரிந்தவர் யார்?



தோட்டத்தில் யாருக்காவது சுகமில்லை என்றால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "டிஸ்பென்சரியில் ஐயா இருக்கிறாரா?" என்பதுதான். பகலில் அதற்கு ஏதோ ஒரு பதில் கிடைக்கும். இருட்டிய பிறகு என்ன பதில் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். டிஸ்பென்சரி பூட்டியிருக்கும். இரத்தினபுரி, கேகாலை பெரியாஸ்பத்திரிகளுக்கோ, கரவனெல்ல, பலாங்கொடை, காவத்தை ஆஸ்பத்திரிகளுக்கோ போவதென்றால் முதலில் தோட்டப் பாதையில் ஓர் ஆட்டோ அகப்பட வேண்டும். அதுவரைக்கும் நோயாளிக்குப் பக்கத்தில் வைத்தியரும் இல்லை, தாதியும் இல்லை. மனைவி, அம்மா, அண்ணன், அடுத்த காம்பராக்காரர் என்று நாம்தான் இருக்கிறோம்.

அந்த ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன தெரியும் என்பதை வைத்தே உயிர் தங்குவதும் போவதும் முடிவாகிற இரண்டு சங்கதிகளை இம்முறை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று தலையில் படும் அடி. மற்றது ஆஸ்துமா இழுப்பு. ஒன்று விபத்து, மற்றது வியாதி. ஆனால் இரண்டும் நம்மை ஒரே மாதிரி ஏமாற்றுகின்றன. ஆபத்து கூடும்போது சத்தம் குறைகிறது. அடிபட்டவர் அமைதியாகத் தூங்குகிறார். இழுப்புக்காரரின் நெஞ்சில் கேட்ட விசில் சத்தம் நின்றுபோகிறது. "இப்ப நல்லாயிருச்சு" என்று நாமும் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறோம். பல குடும்பங்கள் தம் ஆளைப் பறிகொடுப்பது அந்த நேரத்தில்தான்.

முதலில் தலை அடியைப் பார்ப்போம்.

நமது சப்ரகமுவவில் வருடத்தில் பாதி நாள் மழை. இரத்தினபுரியில் ஒரு வருடத்துக்குப் பெய்யும் மழை 3,500 மில்லிமீற்றருக்கும் மேல். பாசி பிடித்த கற்படி, வழுக்கும் கான் ஓரம், விடியும் முன்னே டோர்ச் வெளிச்சத்தில் ஏறி இறங்கும் இறப்பர் மலை, கையில் பால் வாளி, முதுகில் கொழுந்துச் சாக்கு. குளவி கலைந்தால் விழுந்தடித்துக்கொண்டு ஓடுகிறோம். காற்றடித்தால் கிளை முறிந்து விழுகிறது. ஆள் ஏற்றிப் போகும் டிரக்டர் பெட்டியில் பிடிக்கக் கம்பி கிடையாது. வீட்டிலோ லயத்துப் படியில் பிள்ளை உருள்கிறது, கூரைக்குத் தகரம் போட ஏறியவர் விழுகிறார்.

அடிபட்டவுடன் மயங்கிக் கிடப்பவரை யாரும் கவனிக்காமல் விடுவதில்லை. தோளில் தூக்கிக்கொண்டாவது ஓடுகிறோம். எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல, லேசா அடிதான்" என்று சொல்பவரைத்தான் விட்டுவிடுகிறோம். காதுக்கு மேலே மண்டையோடு மெல்லியது. அதன் உட்புறம் ஓர் இரத்தக் குழாய் ஓடுகிறது. எலும்பு வெடித்து அந்தக் குழாய் கிழிந்தால், எலும்புக்கும் மூளையைச் சுற்றியிருக்கும் உறைக்கும் நடுவில் இரத்தம் சேரத் தொடங்கும். மண்டையோடு மூடிய பெட்டி மாதிரி. உள்ளே சேரும் இரத்தத்துக்குப் போக இடமில்லாததால் அது மூளையை நசுக்கும். ஆனால் நசுக்கும் அளவுக்குச் சேர நேரம் எடுக்கிறது. சில நிமிடமாகலாம், சில மணித்தியாலமும் ஆகலாம். அந்த இடைநேரத்தில் ஆள் பேசுவார், நடப்பார், தேத்தண்ணி குடிப்பார்.

இது லயத்து ஏழைக்கு மட்டும் வருவதல்ல. 2009 மார்ச்சில் நட்டாஷா ரிச்சர்ட்சன் என்ற பிரித்தானிய நடிகை கனடாவில் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்தார். சிரித்துப் பேசிக்கொண்டு எழுந்தவர், வந்த அம்புலன்சையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். சிறிது நேரத்தில் தலைவலி தொடங்கியது. இரண்டு நாளில் இறந்துபோனார். காசும் வசதியும் இருந்தவருக்கே பக்கத்தில் இருந்து கவனிக்கும் அறிவு முதல் ஒரு மணித்தியாலத்தில் தேவைப்பட்டது. நமக்கு எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

நம்மிடம் இன்னொரு கெட்ட பழக்கமும் இருக்கிறது. சம்பள நாள் இரவில் ஒருவர் கான் ஓரத்தில் விழுந்து கிடந்தால், "குடிச்சிட்டுக் கிடக்கிறான், காலையில தெளிஞ்சுடும்" என்று கடந்து போகிறோம். குடித்தவருக்கும் தலையில் அடிபடும். குடிக்காதவருக்கே விழுந்து அடிபடும் இடத்தில் குடித்தவருக்கு அது இன்னும் எளிது. நாக்குக் குழறுவதும், தள்ளாடுவதும், வாந்தியும், எழுப்ப முடியாத தூக்கமும் வெறியிலும் வரும், மண்டைக்குள் இரத்தம் சேர்ந்தாலும் வரும். பார்த்த பார்வையில் பிரித்தறிய வைத்தியராலும் முடியாது. தலையில் காயமோ வீக்கமோ இருந்தால் வெறியை மறந்துவிட்டு அடிபட்டவராகவே அவரை எண்ண வேண்டும்.

ஆஸ்பத்திரியில் தாதியர் இதை எப்படிக் கவனிக்கிறார்கள்? 1974-இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜெனட் என்ற இரு மூளை அறுவை வைத்தியர்கள் ஓர் அளவுகோலை வகுத்தார்கள். இன்று உலகம் முழுக்க அதுதான் பாவனையில் இருக்கிறது. மூன்றே மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். கண் தானாகத் திறக்கிறதா, கூப்பிட்டால் திறக்கிறதா, கிள்ளினால்தான் திறக்கிறதா என்பதற்கு 4 புள்ளி. கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்கிறாரா, உளறுகிறாரா, வெறும் முனகலா என்பதற்கு 5 புள்ளி. சொன்னபடி கையைத் தூக்குகிறாரா என்பதற்கு 6 புள்ளி. மொத்தம் 15 என்றால் நல்ல நிலை, 3 என்றால் மிக மோசம். ஒரு தடவை பார்த்து எழுதிவிட்டுப் போவதில்லை. முதல் மணித்தியாலங்களில் அரை மணிக்கு ஒரு தடவை பார்க்கிறார்கள். 15 இருந்தவர் 13-க்கு இறங்கினால் உடனே வைத்தியரைக் கூப்பிடுகிறார்கள். தாதியரின் இந்தக் கலைக்கு விலையுயர்ந்த மெஷின் எதுவும் வேண்டியதில்லை. திரும்பத் திரும்பப் பார்ப்பதும், முன்பு பார்த்ததோடு ஒப்பிடுவதுமே அதன் உயிர்.

இதை லயத்திலும் செய்யலாம். தலையில் அடிபட்டவரை ஒரு நாளைக்குத் தனியே விடக்கூடாது. பொறுப்பான ஒருவர் கூட இருக்க வேண்டும். தூங்க விடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். தூக்கம் ஆளைக் கொல்வதில்லை, எழுப்பிப் பார்க்காமல் விடுவதுதான் கொல்கிறது. முதல் இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது எழுப்பி, பேர் என்ன, எங்கே இருக்கிறோம், இது யார் என்று கேளுங்கள். இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்:

அடிபட்டபோது கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியிருந்தால். எழுப்பக் கஷ்டமாக இருந்தால். திரும்பத் திரும்ப வாந்தி வந்தால். தலைவலி கூடிக்கொண்டே போனால். பேச்சு மாறினால், ஆளை அடையாளம் தெரியாவிட்டால். வலிப்பு வந்தால். ஒரு பக்கத்துக் கை, கால் சோர்ந்தால். கண்மணி ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால். காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ இரத்தமோ தண்ணீர் மாதிரியோ வடிந்தால். வயதானவர்களையும், இரத்தம் உறையாமலிருக்கக் கிளினிக்கில் மாத்திரை எடுப்பவர்களையும் இவை எதுவும் இல்லாவிட்டாலும் காட்டிவிடுவது நல்லது.

தூக்கும்போது கழுத்தை ஆட்டாதீர்கள். காயத்தில் கோப்பித்தூள், மஞ்சள் எதையும் அப்பாமல் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். எலும்பு உள்ளே அமுங்கியிருப்பது போலத் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் அழுத்த வேண்டாம். மயங்கியவருக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சு இருந்தால் தலை, கழுத்து, உடம்பு ஒரே நேராக இருக்கும்படி பிடித்துப் பக்கவாட்டில் திருப்பிக் கிடத்துங்கள்.

இங்கே மொழி ஒரு பெரிய சங்கதியாக வருகிறது. அந்த அளவுகோலின் மூன்றில் ஒரு பங்கு பேச்சு. நமது இரு மாவட்டங்களிலும் ஆஸ்பத்திரித் தாதியரில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுபவர்கள். கடமையை நன்றாகவே செய்பவர்கள். ஆனால் சிங்களம் தெரியாத ஒரு கிழவி தமிழில் சரியாகப் பதில் சொல்கிறாரா, உளறுகிறாரா என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? கூடப் போகிறவர்தான் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்குச் சிங்களம் நன்றாக வரும். பதற்றத்தில் வராமல் போகலாம் என்பதால் நாலு வசனத்தை எல்லோரும் பாடமாக்கி வையுங்கள். "ஒளுவ வெதுணா" என்றால் தலையில் அடிபட்டது. "சிஹிய நெதி வுணா" என்றால் நினைவு தப்பியது. "வமனே கியா" என்றால் வாந்தி எடுத்தார். "ஹுஸ்ம கன்ன பே" என்றால் மூச்சு எடுக்க முடியவில்லை. நம் கையில் இருப்பதை நாம் செய்வோம். அதேநேரம், 1987-இல் வந்த 13-ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி என்பதையும், நோயாளியிடம் தமிழில் கேட்க ஓர் ஆளை வைப்பது ஆஸ்பத்திரிக்கு உள்ள பொறுப்பு என்பதையும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

அடுத்தது இழுப்பு.

பாடசாலையில் படிப்பிக்கும் எங்களுக்கு மழைக்காலம் வந்தால் யார் யார் வரமாட்டார்கள் என்று முன்கூட்டியே தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, ஜன்னல் இல்லாத இஸ்தோப்பில் ஈர விறகு அடுப்பு, ஒழுகும் சுவரில் பூஞ்சணம், காயாத கம்பளி. இவை எல்லாம் சேர்ந்து அந்தப் பிள்ளையின் மூச்சுக்குழாயைச் சுருக்குகின்றன. பெரியவர்களுக்கு இதோடு வேலையும் சேர்கிறது. ஸ்டோரில் தேயிலை சலிக்கும் இடத்திலும் பொதி கட்டும் இடத்திலும் தூசி மேகம் மாதிரி நிற்கிறது. இறப்பர் ஸ்டோரில் அசிட் நெடியும் புகைக்கூடத்துப் புகையும். இதையெல்லாம் சொன்னால், "அது அவங்க பரம்பரை வியாதி" என்று தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. நமது நாட்டு நெஞ்சுநோய் வைத்தியர் சி. ஜி. ஊரகொட, தேயிலைத் தூசியால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி 1970-ஆம் ஆண்டிலேயே பிரித்தானியத் தொழில் மருத்துவ ஏட்டில் எழுதினார். 1980-இல் இலங்கைத் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்களைப் பற்றியும், 1984-இல் கறுவாத் தொழிலாளரின் ஆஸ்துமாவைப் பற்றியும் எழுதினார். அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. சலிக்கும் இடத்தில் தூசி இழுக்கும் விசிறியும் முகக்கவசமும் கேட்டால் இன்றும் புதிதாக எதையோ கேட்பது போலப் பார்க்கிறார்கள்.

இழுப்பு வந்தால் கவனிக்க வேண்டியது என்ன? தாதியர் முதலில் பார்ப்பது பேச்சைத்தான். ஒரு முழு வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா? இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் அது கடுமையான இழுப்பு. விலா எலும்புகளுக்கு நடுவிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்ளே இழுபட்டால் கடுமை. உதடும் நகமும் நீலம் பூத்தால் உயிருக்கே ஆபத்து. எல்லாவற்றையும்விட மோசமானது நெஞ்சுச் சத்தம் நின்றுபோவது. குழாயில் கொஞ்சமாவது காற்றுப் போனால்தான் விசில் கேட்கும். காற்றே போகாவிட்டால் விசிலும் இல்லை. ஆள் களைத்துக் கண்ணைச் சொருகி, சத்தமும் அடங்கினால் அவர் குணமாகவில்லை, தோற்றுக்கொண்டிருக்கிறார்.

படுக்க வைக்காமல் நிமிர்த்தி, கொஞ்சம் முன்னால் சாய்த்து உட்கார வையுங்கள். அடுப்பை அணைத்துக் கதவைத் திறவுங்கள். நீலநிறப் பம்பை ஒரு தடவைக்கு ஒரு அடியாக ஸ்பேசர் வழியாகக் கொடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் நாலைந்து மூச்சு எடுக்கட்டும். 4 அடி கொடுத்துச் சுகமில்லை என்றால் 10 வரை போகலாம். அதற்கும் கேட்காவிட்டாலோ, சுகம் மூன்று நாலு மணித்தியாலம்கூட நிற்காவிட்டாலோ, ஆஸ்பத்திரிதான். போகும் வழியிலும் பம்பைத் தொடரலாம்.

ஸ்பேசர் வாங்கக் காசில்லை என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் பிள்ளைகளிடம் பரிசோதித்து, 1999-இல் லான்செட் ஏட்டில் வெளிவந்த முடிவு இது. 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில், பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவில் துளைபோட்டு, காற்றுக் கசியாமல் ஒட்டினால், கடையில் வாங்கும் ஸ்பேசர் போலவே அது வேலை செய்கிறது. போத்தலை சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும். பிள்ளை போத்தலின் வாயில் வாயை வைத்து மூச்செடுக்கட்டும்.

"பம்ப் பழகிவிடும், பொம்பிளைப் பிள்ளைக்குக் கலியாணம் ஆகாது" என்று ஒளித்துவைக்கிற பழக்கத்தை நாம் விட வேண்டும். பம்ப் போதைப்பொருள் அல்ல. மாத்திரையில் வயிற்றுக்குப் போகும் மருந்தைவிட மிகக் குறைந்த அளவே நேராக நெஞ்சுக்குப் போகிறது. நீலப் பம்ப் அந்த நேரத்துச் சுகத்துக்கு. கிளினிக்கில் தினமும் எடுக்கச் சொல்லும் மற்றப் பம்ப், இழுப்பு வராமலே தடுக்க. சுகமாக இருக்கும் நாளில் அதை நிறுத்திவிட்டு நீலத்தை மட்டும் நம்புவது ஆபத்து. உலக ஆஸ்துமா வழிகாட்டி நூலும் 2019 முதல் நீலத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

இவ்வளவையும் வாசித்த சிலர் கேட்கலாம்: சங்கம் என்றால் சம்பளத்தைப் பேச வேண்டும், வைத்தியத்தை ஏன் பேசுகிறது? நியாயமான கேள்விதான். மலையில் விழுந்தவர் அன்றைய பேர் போய்விடுமே என்று எழுந்து வேலையை முடிக்கிறார். அம்மா பிள்ளையின் இழுப்பைப் பார்த்துக்கொண்டே பெரட்டுக்கு ஓடுகிறார். அரைப்பேர் பயம்தான் இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுக்கிறது. இதைவிடச் சம்பளப் பிரச்சினை வேறென்ன? அதோடு, வேலையில் அடிபட்டால் 1934-ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி நட்டஈடு உண்டு. 2022-இல் வந்த திருத்தம் வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் நேரும் விபத்தையும் அதில் சேர்த்திருக்கிறது. தலையில் அடிபட்டவருக்கு மறதி, தலைச்சுற்று, சிடுசிடுப்பு மாதக்கணக்கில் நிற்கலாம். அன்றே புத்தகத்தில் பதியாவிட்டால், மூன்று மாதம் கழித்து அதை யாரிடம் நிரூபிப்பது? ஆகவே அடி சின்னது என்றாலும் அன்றே டிஸ்பென்சரியில் பதிவு செய்யுங்கள். பதிய மறுத்தால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள்.

நோயுற்ற தொழிலாளரைக் கவனிக்கும் பொறுப்பை 1912-ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்தின் மீது வைத்தது. தோட்டங்கள் அரசுக்குப் போய், 1992-இல் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியது. கை மாறியபோது பொறுப்பு கரைந்துவிடவில்லை. கம்பனி அரசைக் காட்டுவதையும் அரசு கம்பனியைக் காட்டுவதையும் பார்த்துக்கொண்டிருக்க நம்மால் முடியாது. எமது கோரிக்கைகள் இவை:

1. ஒவ்வொரு டிவிஷனிலும் குறைந்தது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் தமிழில் முதலுதவிப் பயிற்சி. பயிற்சி நாளுக்கு முழுப்பேர்.

2. 1942-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி ஸ்டோரில் வைக்க வேண்டிய முதலுதவிப் பெட்டி பூட்டிய அலுமாரியில் இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதே மாதிரி ஒன்று மலைக்கும் வர வேண்டும்.

3. டிஸ்பென்சரியிலும் பிள்ளைக் காம்பராவிலும் நீலப் பம்ப், ஸ்பேசர், விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவி.

4. இரவில் நோயாளியை ஏற்றத் தோட்ட வாகனமும், அதன் சாவி யாரிடம் என்பது எல்லா லயத்துக்கும் தெரியும்படி ஒரு அறிவித்தலும்.

5. தலையில் அடிபட்டு வீட்டுக்கு அனுப்பப்படுபவருக்கு ஆஸ்பத்திரி கொடுக்கும் அறிவுரைத் தாள் தமிழிலும்.

6. நோயாளியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒருவருக்கு அன்றைய பேர் வெட்டக்கூடாது.

கோரிக்கை நிறைவேறும்வரை நாம் சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். 2016-இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அந்தச் சேவை இப்போது நாடு முழுவதற்கும் உண்டு. தமிழிலேயே பேசலாம். ஆனால் லயத்துக்கு விலாசம் இல்லை. இருட்டில் "மேல் டிவிஷன், பழைய லயம்" என்று சொன்னால் அம்புலன்ஸ்காரருக்கு என்ன விளங்கும்? தோட்டத்தின் பெயர், டிவிஷன், கிராம சேவகர் பிரிவு, பெரிய பாதையில் இறங்கும் சந்தி, அங்கே வந்து வழிகாட்டும் ஆளின் போன் இலக்கம். இந்த ஐந்தையும் எழுதி ஒவ்வொரு லயத்திலும் ஒட்டுவதைத் தோட்டக் கமிட்டிகள் இந்த மாதமே முடிக்க வேண்டும். மாதர் கமிட்டிகள் தத்தம் லயத்தில் இழுப்பு உள்ள பிள்ளைகள் யார், அவர்களின் பம்பில் மருந்து இருக்கிறதா என்று ஒரு தடவை வீடு வீடாகப் பார்க்கட்டும். முதலுதவிப் பயிற்சிக்கு இரத்தினபுரி, கேகாலை செஞ்சிலுவைக் கிளைகளைக் கமிட்டிகள் எழுத்து மூலம் அணுகட்டும். பயிற்சியைத் தமிழில் நடத்த வேண்டும் என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்கு இந்தத் தலையங்கத்தை வாசித்துக் காட்டுங்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேலே படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். இரவில் எழுந்து அப்பாவின் பேரைக் கேட்டுப் பார்க்க அந்தப் பிள்ளைக்கும் முடியும்.